ஏரி வாரியம்: ஏழாம் வகுப்பு எழுதி அச்சிட்ட விளையாட்டு

ஏழாம் வகுப்பு சமூக அறிவியலில் பிற்காலச் சோழர் பாடம் நடத்தும்போதெல்லாம் உத்திரமேரூரில் வந்து எனக்கு வண்டி நின்றுவிடும். குடவோலை முறை, வாரியங்கள், உறுப்பினராவதற்கான தகுதிகள் எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதிப் போட்டால் மாணவர்கள் பார்த்து எழுதிக்கொள்வார்கள், தேர்விலும் எழுதிவிடுவார்கள். ஏரி வாரியம் என்றால் என்ன என்று கேட்டால், "ஏரியைப் பராமரிக்கும் குழு" என்று பதில் வரும். அந்தக் குழுவில் என்ன பேசியிருப்பார்கள், எதற்குச் சண்டை வந்திருக்கும் என்று கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடும். இத்தனைக்கும் எங்கள் திருநாவலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஏரியும் மடையும் புதியவை அல்ல. மடைத் தண்ணீருக்காக இரவில் டார்ச் லைட்டோடு போன அப்பாக்களின் பிள்ளைகள்தான் முன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சென்ற ஆண்டு விடுமுறையில், சென்னையில் கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகன் வீட்டுக்கு வந்திருந்தான். பையிலிருந்து விதவிதமான பகடைகளை எடுத்துப் போட்டு, "அத்தை, நீங்க இப்ப ஒரு குகை வாசல்ல நிக்கிறீங்க. உள்ள ஏதோ சத்தம் கேக்குது. என்ன பண்றீங்க?" என்றான். "நான் வீட்டுக்குப் போறேன்" என்றேன். அவன் சிரிக்கவில்லை. "சரி, திரும்புறீங்க. வந்த வழி மூடியிருக்கு. இப்ப?" என்று கேட்டான். இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை.

இதைப் பாத்திரமேற்பு விளையாட்டு என்கிறார்கள். மேசையைச் சுற்றி நான்கைந்து பேர். ஒவ்வொருவரும் ஒரு பாத்திரம். ஒருவர் மட்டும் பாத்திரம் ஏற்காமல் நிலைமையைச் சொல்வார். மற்றவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று வாயால் சொல்வார்கள். செய்வது பலிக்குமா என்று சந்தேகம் வந்தால் பகடை முடிவு செய்யும். அவ்வளவுதான். நாடகம்போல வசனம் மனப்பாடம் கிடையாது. தாயம்போலக் காய் நகர்த்திப் பழம் எடுப்பதும் கிடையாது.

நிலைமையைச் சொல்லும் அந்த ஒருவரைப் பார்த்தபோது எனக்கு நம் பக்கத்துத் தெருக்கூத்துக் கட்டியக்காரன்தான் நினைவுக்கு வந்தான். திரைக்குப் பின்னால் நிற்கும் வேடத்தைப் பார்த்து நீ யார், எந்த ஊர், எதற்கு வந்தாய் என்று கேட்டுக் கதையை நகர்த்துபவன் அவன்தானே? கதைக்கு உள்ளேயும் நிற்பான், வெளியேயும் நிற்பான். வகுப்பில் அந்தப் பொறுப்புக்குக் 'கட்டியக்காரர்' என்றே பெயர் வைத்தோம். ஆங்கிலப் பெயரை விளக்க வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று.

இந்த விளையாட்டின் பிறப்பை ஆசிரியர்கள் தெரிந்துகொள்வது நல்லது. 1969இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்பவர், போர் விளையாட்டு ஆடும் நண்பர்களைப் பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஊரின் மாந்தர்களாக ஆக்கினார். படைகளை நகர்த்த வந்தவர்கள் படையை மறந்துவிட்டு ஆளாளுக்குப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். விளையாட்டு குழம்பிவிட்டது, தோல்வி என்றே வெஸ்லி நினைத்தாராம். ஆடியவர்களோ மறுபடி எப்போது என்று கேட்டார்கள். (நம் வகுப்பறையில் 'சத்தம்' என்று நாம் நிறுத்திவிடும் எத்தனை விஷயங்கள் இப்படிப்பட்டவையோ!) அந்தக் குழுவில் இருந்த டேவ் ஆர்னிசன் அதை வளர்த்தார். கேரி கைகாக்ஸ் என்பவரோடு சேர்ந்து 1974இல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பெயரில் வெளியிட்டார். ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்கள். முதல் பதிப்பு 1000 பிரதிகள். ஆர்னிசன் தலையிலும் குறிப்புகளிலும் இருந்ததை, அவர் முகத்தையே பார்க்காத ஒருவர் படித்துவிட்டு ஆடும்படி எழுத வேண்டியிருந்தது. அந்த வேலை எவ்வளவு கடினம் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

முதலில் நானே ஒரு விளையாட்டை எழுதிக்கொண்டு போனேன். ஏரி வாரிய உறுப்பினர் 6 பேர். உத்திரமேரூர்க் கல்வெட்டுப்படி அதுதான் எண்ணிக்கை. வறட்சி வருகிறது, கரை உடைகிறது, என்ன முடிவெடுப்பீர்கள் என்பது ஆட்டம். 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள் இருக்க வேண்டும், வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் அறிந்திருக்க வேண்டும் என்ற தகுதிகளையெல்லாம் பாத்திரச் சீட்டில் எழுதியிருந்தேன். பாடம் முழுக்க உள்ளே வந்துவிட்டது என்று எனக்குப் பெருமைதான்.

சீட்டைக் கொடுத்ததும் ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், இதுல பொம்பளைங்க யாருமே இல்லையா?"

இல்லை என்றேன். அது பிரமதேய ஊர், சபையில் ஆண்கள்தான், அந்தக் காலம் அப்படி என்று சொன்னேன். அவள் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டுல நெலமே இல்ல. அப்ப நான் அந்த ஊர்ல இருந்திருந்தா என்னவா இருந்திருப்பேன்?" என்றாள். பின்னாலிருந்து ஒரு பையன், "நானும் இல்ல" என்றான். கை தூக்கச் சொன்னேன். வகுப்பில் பாதிக்கு மேல் கை தூக்கியது. பல ஆண்டுகளாக இந்தத் தகுதிப் பட்டியலை நடத்தியிருக்கிறேன். அது யாரை உள்ளே விட்டது என்று கேட்டிருக்கிறேனே தவிர, வெளியே நின்றவர்கள் யார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அன்றோடு என் விளையாட்டு முடிந்தது. அடுத்த வாரம் அவர்களே எழுத ஆரம்பித்தார்கள்.

ஐந்து பாத்திரங்கள் வந்தன. தலைமடை நிலக்காரர் (வாரிய உறுப்பினர் இவர் ஒருவர்தான்), கடைமடை உழவர், மடைக்காவலர், நடவு நடும் பெண், ஆடு மேய்க்கும் சிறுவன். ஒவ்வொருவருக்கும் ஒரு தேவை, ஓர் இரகசியம். ஊருக்கு 'இராசாதித்தபுரம்' என்று பெயர் வைத்தார்கள். அது திருநாவலூரின் சோழர் காலப் பெயர்களில் ஒன்று. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, முதலாம் பராந்தகன் காலத்தவை. அவன் மகன் இராசாதித்தன் 949இல் தக்கோலப் போரில் இறந்தான். நம் ஊர்ப் பெயர் அவனால் வந்தது என்று தெரிந்ததும் பாடப்புத்தகத்துப் பராந்தகன் திடீரென்று பக்கத்துத் தெருவுக்கு வந்துவிட்டான்.

ஆனால் ஒரு சிக்கல். திருநாவலூரில் ஏரி வாரியம் இருந்ததாக நாங்கள் சொல்ல முடியாது. எனவே ஓர் ஏற்பாடு செய்தோம். விதிப் புத்தகத்தில் கல்வெட்டில் உள்ள செய்திக்கு ஒரு நட்சத்திரக் குறி. நாங்களாகச் சேர்த்ததற்குக் குறி கிடையாது. பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை எடுக்கச் சொல்வது: நட்சத்திரம். பதவிக்காலம் 360 நாள்: நட்சத்திரம். ஆடு மேய்க்கும் சிறுவன்: குறி இல்லை. இந்த ஒரு வேலைக்காக மட்டும் பாடப்புத்தகத்தை அவர்கள் எத்தனை முறை புரட்டினார்கள் என்று கணக்கில்லை. "டீச்சர், இதுக்கு நட்சத்திரம் உண்டா?" என்பது வகுப்பில் ஒரு பேச்சுவழக்காகவே ஆகிவிட்டது. பொய் சொல்பவனைப் பார்த்தும் இப்போது அப்படித்தான் கேட்கிறார்கள்.

பகடைக்குப் பதில் புளியங்கொட்டை. ஒரு பக்கம் கல்லில் தேய்த்து வெள்ளையாக்கிய 4 கொட்டைகள். கணித ஆசிரியர் இங்கே உள்ளே வந்தார். 4 கொட்டைகள் விழக்கூடிய வகைகள் 16. அதில் ஒரு வெள்ளையும் விழாதது 1, ஒரு வெள்ளை 4, இரண்டு வெள்ளை 6, மூன்று 4, நான்கும் வெள்ளை 1. ஆகவே சாதாரணச் செயலுக்கு '2 அல்லது மேல்' என்று வைத்தால் 16இல் 11 முறை பலிக்கும். கடினமான செயலுக்கு '3 அல்லது மேல்' என்றால் 16இல் 5 முறைதான். இது இரண்டு பக்கமும் சம வாய்ப்பில் விழும் கொட்டைக்கு உரிய கணக்கு. எங்கள் கொட்டைகளைப் பலமுறை போட்டுக் குறித்துப் பார்த்ததில் வெள்ளை கொஞ்சம் கூடுதலாகவே விழுந்தது. ஏன் என்று தேடியதில், ஒருவன் அதிகமாகத் தேய்த்துவிட்டிருந்தான்.

ஏரியில் நல்ல மழைக்காலத்தில் 12 நீர்ச் சீட்டுகள், வறட்சியில் 8. மூன்று போகம் ஆடுவது. ஆடிய மூன்று முறையும் கடைமடை காய்ந்தது. தலைமடைக்காரர் முதலில் எடுத்துவிடுகிறார். மிச்சம் போய்ச் சேர்வதற்குள் சீட்டு தீர்ந்துவிடுகிறது. கடைமடை உழவராக ஆடிய பையன் சீட்டுகளை மேசையில் எறிந்துவிட்டு எழுந்துவிட்டான். எனக்கு மனம் கேட்கவில்லை. எல்லோருக்கும் சம பங்கு என்று ஒரு விதி சேர்த்துவிடலாமா என்றேன். நடவுப் பெண்ணாக ஆடியவள் மறுத்தாள்: "சமமா பிரிச்சிட்டா அப்புறம் பேசறதுக்கு என்ன டீச்சர் இருக்கு?"

அவள் சொன்னது சரி. நான் நியாயத்தை விதியாக எழுதிக் கொடுத்துவிட்டால் அவர்கள் அதைத் தேட வேண்டியதில்லை. ஆனால் தேடுவதற்கு ஒரு வழியாவது இருக்க வேண்டுமல்லவா? கல்வெட்டுக்கே திரும்பினோம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி உறுப்பினராக முடியாது என்று அதில் இருக்கிறது. அதிலிருந்து 'கணக்குக் கேட்டல்' என்ற விதி பிறந்தது. எந்தப் பாத்திரமும் ஆட்டத்தில் ஒரு முறை கணக்குக் கேட்கலாம். தலைமடைக்காரர் எடுத்த சீட்டுகளை எல்லோர் முன்னும் எண்ணிக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அடுத்த போகத்தில் அவர் உறுப்பினர் இல்லை. கணக்குக் காட்டாவிட்டால் பதவி போகும் என்பதற்கு நட்சத்திரம். ஆடு மேய்க்கும் சிறுவனும் கேட்கலாம் என்பதற்குக் கிடையாது. இந்த வேறுபாட்டை ஒரு மாணவி விதிப் புத்தகத்தில் தனிவரியாகவே எழுதினாள். வரலாறு எழுதுவதில் இதைவிட நேர்மையான ஒரு வரியை நான் எதிர்பார்க்கவில்லை.

அதன்பின் உயர் தொழில்நுட்ப ஆய்வகக் கணினியில் தட்டச்சு செய்து, தாளை இரண்டாக மடித்து 8 பக்கப் புத்தகமாக்கி 20 பிரதிகள் ஜெராக்ஸ் எடுத்தோம். அட்டையில் மாணவர் பெயர்கள். எங்களைப் பொறுத்தவரை புத்தகம் வெளிவந்துவிட்டது.

விளையாட்டு வெளியிடுபவர்கள் அதோடு நிறுத்துவதில்லை. ஆடுபவர்கள் கூடும் மாநாடுகளுக்கு எடுத்துச் செல்கிறார்கள். கைகாக்ஸ் 1968இல் லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்துச் சுமார் 100 பேரைக் கூட்டினார். 'ஜென் கான்' என்ற அந்தக் கூட்டம் இன்று இண்டியானாபொலிஸ் நகரில் ஆண்டுதோறும் 70,000 பேருக்கு மேல் வரும் திருவிழாவாகிவிட்டது. 2022இல் மாமல்லபுரம் சதுரங்க ஒலிம்பியாடை நாம் பார்த்திருக்கிறோம். அங்கே வெல்ல வருகிறார்கள். இந்த மாநாடுகளில் முன்பின் அறியாதவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து சில மணி நேரத்தில் ஒரு கதையை ஆடி முடிக்கிறார்கள். அதற்காகவே பாத்திரங்களை முன்கூட்டி எழுதித் தயாராக வைத்திருப்பார்கள். 1975இல் ஆரிஜின்ஸ் என்ற மாநாட்டில் கைகாக்ஸ் ஆடவைத்த 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' என்ற ஆட்டம் 1978இல்தான் புத்தகமாக வந்தது. மாநாடு முதலில், அச்சு பிறகு. நாங்கள் வரிசையை மாற்றிச் செய்துவிட்டோம்.

ஒரு சனிக்கிழமை, பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளி மாணவர்களை அழைத்தோம். நான்கு மேசைகள். நிபந்தனை ஒன்றுதான்: வந்தவர்கள் புத்தகத்தைப் படித்துத் தாங்களே ஆட வேண்டும். எங்கள் மாணவர்கள் பின்னால் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது.

பத்து நிமிடத்தில் எல்லாம் கவிழ்ந்தது. ஒரு மேசையில் ஏரி வரைபடத்தைப் பரமபதப் படம் என்று நினைத்துப் பாம்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இன்னொன்றில் ஐந்து பேருமே கட்டியக்காரராகப் பேசினார்கள். மூன்றாவதில் கொட்டைகளைத் தாயம்போல் போட்டு வெள்ளையை எண்ணிச் சீட்டு எடுத்துக்கொண்டே போக, முதல் போகத்திலேயே ஏரி வற்றிவிட்டது. பின்னால் இருந்த எங்கள் மாணவி ஒருத்தி உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தாள், பார்த்தாள், கடைசியில் "அப்படி இல்ல!" என்று கத்தியேவிட்டாள். "பின்ன எப்படி? புத்தகத்துல இப்படித்தானே இருக்கு" என்றான் அந்த ஊர்ப் பையன். புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள். அப்படித்தான் இருந்தது.

எங்கள் வகுப்பில் ஆட்டம் நன்றாக நடந்ததற்குக் காரணம் புத்தகம் இல்லை. நான் நடுவில் நின்று கொண்டிருந்ததுதான். என் பாடக்குறிப்புகளுக்கும் இது பொருந்துமோ என்று அன்று மாலை யோசித்துக்கொண்டே வண்டி ஓட்டினேன்.

மாணவர்கள் துவண்டுபோனார்கள் என்பதை மறைக்க விரும்பவில்லை. அப்போது அவர்களுக்கு ஒரு கதை சொன்னேன். முதல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' புத்தகமும் தெளிவில்லாததற்குப் பேர்போனது. ஃபீனிக்ஸ் நகரத்துக் கென் செயின்ட் ஆண்ட்ரே அதைப் படித்துவிட்டுச் சரிப்படவில்லை என்று, எளிமையாகத் தாமே 'டனல்ஸ் அண்ட் டிரோல்ஸ்' என்ற விளையாட்டை எழுதி 1975இல் சுமார் 100 பிரதிகள் அச்சிட்டார். தெளிவில்லாத புத்தகத்தால்கூட இன்னொரு புத்தகம் பிறந்தது. "அப்ப அந்த ஊர்ப் பசங்க நமக்குப் போட்டியா எழுதிடுவாங்களா?" என்று ஒருவன் பதறினான். மறுநாளே திருத்தம் தொடங்கியது.

திருத்தியது எப்படி என்பதற்கு ஒரு சான்று. முதல் பதிப்பில் இருந்தது: 'மடை திறக்க வேண்டுமானால் கொட்டை போட வேண்டும்.' யார் போடுவது, எத்தனை, விழாவிட்டால் என்ன என்று நோட்டில் மூன்று கேள்விகள் குறித்திருந்தார்கள். இரண்டாம் பதிப்பில்: 'உங்கள் முறை வரும்போது மடையைத் திறக்க விரும்பினால் 4 கொட்டைகளையும் ஒரே சமயத்தில் போடுங்கள். 2 அல்லது அதற்கு மேல் வெள்ளை விழுந்தால் மடை திறக்கும்; நீர்ச் சீட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குக் குறைந்தால் மடை திறக்காது. அடுத்தவர் ஆடலாம்.' இதை எழுதியவன் கல்வராயன் மலையிலிருந்து வந்து இங்கே உறவினர் வீட்டில் தங்கிப் படிப்பவன். கட்டுரை எழுதச் சொன்னால் நான்கு வரியைத் தாண்டாதவன். 'விழுந்தால்', 'விழாவிட்டால்' என்ற நிபந்தனை எச்சத்தைத் தமிழ் இலக்கண வகுப்பில் எத்தனை பயிற்சி கொடுத்தும் இப்படிப் பயன்படுத்தியவர்களைப் பார்த்ததில்லை என்று தமிழாசிரியர் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு போனார்.

முயன்று பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்குச் சில அனுபவங்கள். ஒரு மேசைக்கு ஆறு பேருக்கு மேல் வேண்டாம். ஏழாவது ஆள் சன்னலைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். முதல் ஆட்டத்தில் மட்டும் ஆசிரியர் கட்டியக்காரராக இருக்கலாம், பிறகு கட்டாயம் விலகிவிட வேண்டும். ஒரே பாடவேளையில் மூன்று போகமும் முடியாது. ஒரு போகத்தோடு நிறுத்திச் சீட்டுகளை உறையில் போட்டு வைத்துவிட்டால் மறுநாள் தொடரலாம். தன் வீட்டு நிலைமையையே பாத்திரமாக ஏற்கும்படி எந்தப் பிள்ளையையும் வற்புறுத்தக் கூடாது. பாத்திரத்தைக் குடத்தில் போட்டு எடுக்கவிட்டால் அந்தச் சங்கடம் இல்லை. நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கு விதிப் புத்தகம் அதிகம். இரண்டு பாத்திரம், ஒரு சிக்கல், 2 கொட்டை போதும். சந்தை, பேருந்து நிறுத்தம், கிணற்றடி எதுவும் களமாகலாம். ஆடி முடித்ததும் ஒரே ஒரு விதியை மட்டும் அவர்களை எழுதச் சொல்லுங்கள்.

இரண்டாம் பதிப்பைப் பக்கத்துப் பள்ளிக்குக் கொடுத்தனுப்பினோம். நாங்கள் யாரும் போகவில்லை. இரண்டு வாரம் கழித்து அந்தப் பள்ளி ஆசிரியை தொலைபேசியில் அழைத்தார். நான்கு மேசையும் நன்றாக ஆடினவாம். ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி: மூன்றாம் போகம் முடிந்து ஏரியில் 2 நீர்ச் சீட்டுகள் மிஞ்சிவிட்டன, அவை யாருக்குச் சேரும் என்று பிள்ளைகள் சண்டை போடுகிறார்கள், புத்தகத்தில் இல்லையே என்றார்.

வகுப்பில் கேட்டேன். வாரியத்துக்கு என்றார்கள் சிலர். கடைமடைக்கு என்றார்கள் சிலர். ஆடு குடிக்க வேண்டாமா என்றான் ஒருவன். அடுத்த மழை வரும்வரை ஏரியிலேயே கிடக்கட்டும் என்றது ஒரு குழு. கல்வெட்டில் இதற்கு நட்சத்திரம் கிடைக்குமா என்று இரண்டு பேர் இன்னும் பாடப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை நான்காம் பாடவேளையில் குடவோலை வைத்து முடிவு செய்வதாக இருக்கிறோம்.